ஊமையாக்கப்பட்ட கணினிகள்

"லினக்சு போட்டால் கணினியில் ஒலி வராது" என்னும் பேச்சு தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில்கூட இதனை இயற்கை விதிபோல் சொல்கிறார்கள். ஒருமுறையேனும் ஒலி அமைப்பைத் திறந்து பாராதவர்கள் வழங்கும் தீர்ப்பு இது. இதனை நான் அடியோடு மறுக்கிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்கா. எனவே, நல்லுள்ளம் கொண்ட சிலர் அவற்றில் லினக்சை நிறுவித் தருகின்றனர். மறுவாரமே, "சத்தம் வரவில்லை" என்று சொல்லி அவற்றைப் பொருளறையில் அடுக்கிவிடுகிறோம். நானறிந்த பள்ளியொன்றில், ஒலி அட்டை கெட்டுவிட்டது என்று கடைக்காரர் சொன்ன ஒரே சொல்லை நம்பிப் புதுக்கணினிக்கு நிதி திரட்டப் புறப்பட்டுவிட்டார்கள். அட்டைக்கு ஒரு கேடும் இல்லை. (பெயர்தான் அட்டை, இன்று பெரும்பாலும் தாய்ப்பலகையில் பதித்த சிறு சில்லுதான் அது.)

லினக்சில் ஒலி இரண்டு அடுக்குகளைக் கடந்து வருகிறது. கீழே வன்பொருளை இயக்குவது ஆல்சா. 2003இல் வெளிவந்த 2.6 கருவகம் முதல் அதுவே நடைமுறை. மேலே பல செயலிகளின் ஒலியைக் கலந்து அனுப்புவது பல்சாடியோ அல்லது அண்மைய வெளியீடுகளில் பைப்வயர். மேலடுக்கில் ஒலியளவை நூறு விழுக்காட்டுக்கு உயர்த்தினாலும், கீழடுக்கில் வாய் கட்டப்பட்டிருந்தால் கணினி ஊமைதான்.

கட்டை அவிழ்ப்பது கடினமன்று. முனையத்தைத் திறந்து, ஆல்சாமிக்சர் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டுங்கள். ஒரே ஒரு பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் மேலடுக்கினுடையது. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான அட்டையைத் தேர்ந்தெடுங்கள். 'மாஸ்டர்', 'ஸ்பீக்கர்' பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் ஒலி அடைக்கப்பட்டுள்ளது. எம் விசையைத் தட்டினால் திறக்கும். மேலம்பு விசையால் அளவைக் கூட்டலாம். அப்போதும் ஒலி வரவில்லையா? அமைப்புகளில் ஒலி வெளியீட்டைப் பாருங்கள். ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு எச்டிஎம்ஐ வழியாகக் கணினி ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். எஃப்6 பட்டியலில் எந்த அட்டையும் இல்லையென்றால் இயக்கி, வன்பொருள் என்ற பேச்சுக்கு இடமுண்டு.

நிறுவிக் கொடுத்துவிட்டு விடைபெறும் லினக்சு ஆர்வலர்களையும் நான் விடுவதாயில்லை. கட்டற்ற மென்பொருளின் பெருமையை ஒரு மணி நேரம் முழங்குகிறீர்கள்; இந்த மூன்று விசைகளை அரைப்பக்கத் தமிழில் எழுதித் திரையருகே ஒட்டிச் செல்ல உங்களுக்கு நேரமில்லையா?

பாடத்திட்டம் கேட்டலையும் பேச்சையும் எழுத்துக்கு முன் வைக்கிறது. வீட்டில் தமிழ் புழங்காத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். லகர ளகர ழகர வேறுபாட்டை அவர்கள் காதால் கேட்டே கற்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் முப்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியே பத்து முறை ஒலித்துக்காட்ட இயலாது. ஒலி வரும் பழைய கணினிக்கு அது இயலும்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் புதுக்கணினித் தீர்மானத்தை முன்மொழிபவர்கள், பொருளறையில் கிடக்கும் கணினிகளில் எத்தனையில் எஃப்6 அழுத்திப் பார்த்தார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.