தனி வளை, வாடகை மண்

அமெரிக்காவில் டைனி ஹவுஸ் வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் யாரும் முதலில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: வீடு கிடைப்பது சுலபம். 8.5 அடி அகலம், 13.5 அடி உயரத்தைத் தாண்டாமல் ஒரு டிரெய்லர் மேல் மர வீட்டைக் கட்டிவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் தனி அனுமதி கேட்காமலே நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போகலாம். கைவேலை தெரிந்தவர் தானே கட்டிக்கொள்ளலாம். தெரியாதவருக்குக் கட்டிக்கொடுக்கக் கம்பெனிகள் இருக்கின்றன. பிரச்சினை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இழுத்துக்கொண்டு போய் எங்கே நிறுத்துவது?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 'டைனி ஹவுஸ் கம்யூனிட்டி' என்கிற சரக்கு விற்கப்படுகிறது. விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் குட்டி வீடுகள், நடுவில் பொதுச் சமையலறை, காய்கறித் தோட்டம், சாயங்காலம் நெருப்பு மூட்டி கிடார் வாசிக்கும் இளைஞர்கள். கடன் இல்லாத வாழ்க்கை, மனசுக்குப் பிடித்த அக்கம்பக்கம். என் வயதுக்காரர்கள், குறிப்பாக ஐடி வேலையில் இருந்துகொண்டு நாற்பது வயதுக்குள் இதிலிருந்து தப்பித்துவிட வேண்டும் என்று எக்செல்லில் கணக்குப் போடுகிறவர்கள், இந்தப் படங்களில் விழுந்துவிடுகிறார்கள். எலி வளையானாலும் தனி வளை என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இதைவிடக் கச்சிதமான விளம்பர வாசகம் இந்த வியாபாரத்துக்குக் கிடைக்காது. ஆனால் பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. வளை தோண்டியிருக்கிற வரப்பு யாருடையது?

என் வாதம் இவ்வளவுதான். காலடி மண் குடியிருப்பவர்கள் கையில் இல்லையென்றால், அந்த டைனி ஹவுஸ் கம்யூனிட்டி வெறும் வாடகைக் குடியிருப்புதான். சொல்லப்போனால் அதைவிட மோசம். வாடகை வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். இவர் வீட்டையே கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இந்த வீடுகளுக்குச் சக்கரம் ஏன் வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 1990களின் கடைசியில் அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் நூறு சதுர அடிகூட இல்லாத ஒரு வீட்டைக் கட்டினார். இன்றைய டைனி ஹவுஸ் மோகத்தின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று. அதற்குச் சக்கரம் வைத்தது ஊர் சுற்றும் ஆசையினால் அல்ல. அவ்வளவு சின்ன வீட்டைத் தரையில் கட்ட விதிகள் இடம் கொடுக்கவில்லை. சக்கரம் வைத்தால் அது வீடு இல்லை, வண்டி. வீட்டுக்கான விதி அதற்குப் பொருந்தாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குள்ளேயே பொறியும் இருக்கிறது. வண்டி என்றால் அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்று பல ஊர்களில் சட்டம். சரி, சக்கரத்தைக் கழற்றி மண்ணில் இறக்கினால்? குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி வீடு, இத்தனை சதுர அடி மனை, சாக்கடை இணைப்பு என்று அடுத்த பட்டியல் வரும். சக்கரத்தில் நின்றால் குடியிருக்க முடியாது, மண்ணில் இறங்கினால் சிறியதாக இருக்க முடியாது.

இந்தப் பட்டியல் யாரோ சோம்பேறி அதிகாரி எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. கறுப்பர்களுக்கு ஒரு தெரு, வெள்ளையர்களுக்கு ஒரு தெரு என்று ஊராட்சிகள் சட்டம் போட முடியாது என்று 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1926இல் யூக்ளிட் என்ற ஒஹாயோ கிராமத்தின் வழக்கில், எந்தப் பகுதியில் எந்த மாதிரிக் கட்டடம் வரலாம் என்று ஊர் முடிவு செய்யலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. தனி வீடுகள் இருக்கும் தெருவில் அடுக்குமாடிக் கட்டடம் முளைப்பதை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது அந்தத் தீர்ப்பு. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஆளைப் பார்த்து விலக்கக் கூடாது, அளவைப் பார்த்து விலக்கலாம். பெரிய மனை, பெரிய வீடு மட்டும் என்று விதி போட்டுவிட்டால் யார் உள்ளே வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சுவரில் சில ஓட்டைகள் விழுந்திருக்கின்றன. டெக்ஸாஸில் சுமார் ஆயிரம் பேர் வாழும் ஸ்பர் என்கிற ஊர், ஆட்கள் காலியாகிக்கொண்டே இருந்ததால், 2014இல் டைனி வீடுகளை வரவேற்பதாக அறிவித்தது. அங்கேயும் பிறகு சக்கரத்தைக் கழற்றி அடித்தளம் போடு என்ற நிபந்தனை வந்தது. 2016இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் சக்கர வீட்டைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2021இல் போர்ட்லாண்டும் அனுமதித்தது. 2018ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டட விதிகளில் 400 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கென்று ஒரு பிற்சேர்க்கையே இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கொல்லைப்புறம் என்றால் முன்புறத்தில் ஒரு வீட்டுக்காரர் இருப்பார்.

மிச்சமிருப்பது கம்யூனிட்டி. அங்கே நீங்கள் கட்டுவதன் பெயர் லாட் ரென்ட். கோயில் நிலத்தில் வீடு கட்டியவர்கள் நம்மூரில் அடிமனை வாடகை கட்டுவார்களே, அதேதான். வீடு உங்களுடையது, அது நிற்கும் மண் இன்னொருத்தருடையது. ஒப்பந்தம் பல இடங்களில் மாதத்துக்கு மாதம்தான். இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: டிரெய்லர் பார்க். சுமார் 2 கோடி அமெரிக்கர்கள் தொழிற்சாலையில் கட்டி இழுத்து வரப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் கூலிக்காரர்கள், வயதானவர்கள். தொலைக்காட்சி காமெடியில் அவர்கள் கேலிப்பொருள். அதே சக்கரம். தேவதாரு மரப் பலகை அடித்து ஜன்னலில் ஒரு துளசித் தொட்டி வைத்தால் மட்டும் அது வாழ்க்கைத் தத்துவம் ஆகிவிடுகிறது. இந்த வர்க்கத் திமிரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

டிரெய்லர் பார்க்கில் இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கடந்த சில பத்தாண்டுகளில் முதலீட்டு நிறுவனங்கள் இந்தப் பார்க்குகளை வாங்கிக் குவித்தன. ஏனென்றால் இதைவிடச் சாதுவான வாடிக்கையாளர் கிடையாது. வீட்டை நகர்த்த ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். பழைய வீடு என்றால் நகர்த்தும்போதே உடைந்துவிடும். நகர்த்தினாலும் வேறு பார்க் சேர்த்துக்கொள்ளாது. வாடகையை ஏற்றினால் கட்டத்தான் வேண்டும். கட்ட முடியாதவர் வீட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போவார். டைனி ஹவுஸ்காரருக்கு என்ன தனிச் சலுகை? அவரிடம் சக்கரம் இருக்கிறது என்பீர்கள். பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டியைச் சேர்க்க மாட்டோம் என்று எத்தனையோ ஆர்வி பார்க்குகள் விதி வைத்திருக்கின்றன.

இந்த இயக்கத்தின் குலசாமி தோரோ. 1845இல் வால்டன் குளக்கரையில் அவர் கட்டிய குடிசை 10க்கு 15 அடி. செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அவரே கணக்கு எழுதிவைத்திருக்கிறார். எல்லோரும் அந்தக் கணக்கைச் சொல்வார்கள். அதில் நிலத்துக்கு ஒரு சென்ட்கூட இல்லை, ஏனென்றால் நிலம் நண்பர் எமர்சனுடையது. இன்னொன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ரயில் பாதை வேலைக்கு வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கி, அதன் பலகைகளைப் பிரித்துத்தான் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். காலின்ஸ் குடும்பம் விடிகாலையில் மூட்டையோடு தெருவில் நடந்தது. அவர்களுடையதும் டைனி ஹவுஸ்தான். நிலம் வைத்திருக்கும் நண்பர் அவர்களுக்கு இல்லை.

'எளிமை, சுற்றுச்சூழல் இதெல்லாம் ஒன்றுமில்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. சின்ன வீட்டைச் சூடாக்கக் குறைந்த எரிபொருள் போதும், சாமான் சேராது. மறுக்கவில்லை. ஆனால் தேவையைச் சுருக்கிக்கொள்ளும் பொறுப்பு குடியிருப்பவருக்கு மட்டும், வாடகையைச் சுருக்கிக்கொள்ளும் பொறுப்பு நிலக்காரருக்குக் கிடையாது என்றால், அந்த எளிமையால் லாபம் யாருக்கு?

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1984இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் ஊரில் ஒரு பார்க் விற்பனைக்கு வந்தபோது, அங்கே குடியிருந்தவர்களே கூட்டுறவு அமைத்து, சமூகக் கடன் நிதியிடம் கடன் வாங்கி, காலடி மண்ணை வாங்கினார்கள். பார்க்கை விற்பதற்கு முன் குடியிருப்பவர்களுக்கு 60 நாள் அவகாசம் தர வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து 2008இல் உருவான ராக் யுஎஸ்ஏ என்ற அமைப்பு, இன்று நூற்றுக்கணக்கான பார்க்குகள் குடியிருப்பவர்கள் கைக்குப் போக உதவியிருக்கிறது. ஓரிகன் மாநிலம் யூஜீன் நகரில் எமரால்ட் வில்லேஜ் என்று 22 குட்டி வீடுகள். அதை நடத்துவது குடியிருப்பவர்களின் கூட்டுறவு. அவர்கள் மாதாமாதம் கட்டுவதில் ஒரு பகுதி பங்காகச் சேர்கிறது. இவற்றில் நிறைய இடங்கள் படத்துக்கு அழகாக இருக்காது. கிடார் கிடையாது. அடுத்த வருஷமும் அங்கே இருப்போமா என்று யாரும் பயப்படவும் வேண்டியதில்லை.

கூட்டுறவு என்றால் மீட்டிங், சண்டை, யார் சாக்கடை அடைத்தது என்ற பஞ்சாயத்து. அபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தலைவலிக்குப் பயந்துதான் பலர் 'எல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்' என்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற நிர்வாகம் ஒருநாள் உங்களையும் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே ஒரு கம்யூனிட்டியைப் பார்க்கப் போகிறவர் மாடிப்படிக்குக் கீழே இழுப்பறை இருக்கிறதா என்று பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளட்டும். மண் யார் பெயரில் இருக்கிறது? இங்கே வருஷம் முழுக்கக் குடியிருக்க ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா, கண்டும் காணாமல் விட்டிருக்கிறதா? ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு? வாடகையை ஏற்ற யாருடைய சம்மதம் வேண்டும்? நிலத்தை விற்றால் முதலில் யாரிடம் கேட்க வேண்டும்? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில், வீடு எத்தனை அழகாக இருந்தாலும், சக்கரத்தைக் கழற்றாதீர்கள்.