"இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்காதீர்கள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து ஒரு பையன் போய்விட்டான். வயது இரண்டே முக்கால். அவன் பையை வாங்கிக்கொண்டு போனவர் அவனுடைய தாத்தா. என்னோடு ஒரே ஆபீசில் பதினெட்டு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம். நான் எழுதுவதைத் தவறாமல் படிக்கிறவர், அவருக்கே தெரியும்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஆறு மாசமா வர்றான். ஏ பி சி டி சொல்லத் தெரியல. ஒன்னு ரெண்டு பத்து வரைக்கும் வரல. வெறுமனே விளையாடறதுக்கு எங்க வீட்லயே இடம் இருக்கே" என்றார்.

என் மனைவி பதில் சொல்லவில்லை. மாற்று டிராயரை மடித்துப் பையில் வைத்தாள். அவனுடைய துணி யானை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதையும் எடுத்துக் கொடுத்தாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "என்னங்க, ஒரு ஏ பி சி டி சார்ட் வாங்கி மாட்டிடலாமா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் விவரம். நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் எதிர்வீட்டு நர்சம்மா, பிரசவ விடுப்பு முடிந்து டியூட்டிக்குப் போகவேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் டே கேர். இன்றைக்கு ஏழு குழந்தைகள், ஒன்றரை வயதிலிருந்து மூன்றரை வரை. என் மனைவி, உதவிக்கு ஒரு பெண், அப்புறம் நான். என் பதவி குதிரை. சில நாள் ரயில் வண்டி. முப்பத்தாறு வருஷ சர்வீசில் இவ்வளவு பிரமோஷன் எனக்குக் கிடைத்ததில்லை.

எட்டரை மணிக்குக் குழந்தைகள் வருவார்கள். கொஞ்சம் அழுகை. பிறகு கொல்லையில் முருங்கை மரத்தடி மணல், ஒரு அன்னக்கூடையில் தண்ணீர், சொம்பு, டம்ளர்கள். உள்ளே சிவப்புத் தரையில் மூடிகளும் பாத்திரங்களும், கொட்டாங்குச்சிகள், அட்டைப்பெட்டிகள், பழைய புடவைகள். பதினொன்றே முக்காலுக்குப் பருப்புச் சாதம். பாயில் இரண்டு மணி நேரத் தூக்கம். எழுந்ததும் பாட்டு, கதை, மறுபடி மணல். ஐந்து மணிக்கு அம்மாக்கள் வந்துவிடுவார்கள். சுவரில் சார்ட் கிடையாது. டி.வி. கிடையாது. ஒர்க் ஷீட் கிடையாது.

"இதில் என்ன படிப்பு இருக்கிறது?" என்பதுதானே கேள்வி? சொல்கிறேன்.

போன அந்தப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் வாசலில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்த புதிதில் நிறம் பார்த்து அடுக்கினான். பிறகு பெரியது சிறியது பார்த்தான். கடைசி மாதத்தில் இடது வலது மாறினால் எடுத்துச் சரி செய்வான். ஒருநாள் என் செருப்பில் ஒன்றை நாய் இழுத்துப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, இன்னொன்னு காணோம்" என்றான். ஒன்று இருக்கிறது, இன்னொன்று இருக்கவேண்டும் என்று கண்டுபிடித்தவனுக்கு எண் தெரியாது என்கிறீர்களே! ஒன்று முதல் பத்து வரை ஒப்பிப்பது எண்ணிக்கை அல்ல, அது பாட்டு. எண்ணிக்கை அவன் செய்ததுதான்.

சொம்பு நிரம்ப நாலு டம்ளர் வேண்டும் என்று தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்க்கிற குழந்தை அளவை படிக்கிறது. ஒரே ஒரு சிவப்பு வாளிக்கு மூன்று பேர் சண்டை போட்டு, கடைசியில் ஒருவர் முடித்ததும் மற்றவர் என்று வந்து நிற்பது எவ்வளவு பெரிய பாடம்! ரேஷன் கடை வரிசையில் நம் வயதுக்காரர்களுக்கே அது இன்னும் வரவில்லை.

விளையாட விடுவது என்றால் அவிழ்த்து விட்டுவிட்டுச் சீரியல் பார்ப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நாற்பது பக்க நோட்டில் எழுத வைப்பதைவிட இது கஷ்டமான வேலை. எழுதுகிற குழந்தை ஒரே இடத்தில் இருக்கும், விளையாடுகிற குழந்தை மேல் கண் எடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் பழைய போட்டோ ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று வைத்திருக்கிறோம். அதற்குள் போகிற எந்தப் பொருளும் குழந்தை கைக்குப் போகக்கூடாது, தொண்டையில் சிக்கும். ஆகவே புளியங்கொட்டை இல்லை, கோலிக்குண்டு இல்லை, வேர்க்கடலை இல்லை. பலூனும் இல்லை. திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் கொடுப்பாள். தண்ணீர் விளையாட்டு முடிந்த நிமிஷம் அன்னக்கூடை கவிழ்ந்துவிடும், ஏனென்றால் சாண் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும். இத்தனைக்கும் ஒருமுறை ஒரு குழந்தை படியில் விழுந்து உதடு கிழிந்தது. உடனே அம்மாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னோம். அன்று ராத்திரி என் மனைவி தூங்கவில்லை.

இதைத்தான் ஊரில் "ஆயா வேலை" என்கிறார்கள். நம் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. குழந்தைகளும் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுகின்றன. ஒரே சொல், குழந்தை வாயில் உறவாகவும் பெரியவர்கள் வாயில் ஏளனமாகவும் இருக்கிறது.

பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகள் இதே வேலையைத்தான் அங்கே தன் வீட்டில் செய்கிறாள். அசிஸ்தாந்த் மத்தர்நெல் என்று பெயர். 1977-இலேயே சட்டம் போட்டு அதை ஒரு தொழிலாக அங்கீகரித்துவிட்டார்கள். வீட்டை வந்து பார்த்து அனுமதி தருவார்கள். 120 மணி நேரப் பயிற்சி உண்டு. ஒருவர் பொதுவாக நாலு குழந்தைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அவளிடம் யாரும் ஏ பி சி டி கேட்பதில்லை. "அங்கே மூன்று வயதிலேயே கல்வி கட்டாயமாமே" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஆமாம், 2019 முதல் கட்டாயம்தான். ஆனால் அந்த மழலைப் பள்ளி மூன்று வருஷம் பேச்சும் பாட்டும் விளையாட்டுமாகத்தான் பெரும்பாலும் போகிறது. முறையாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பிப்பது ஆறு வயதில்தான்.

அயல்நாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் ஊர்க் கதைக்கு வருவோம். நம்மைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் என்ன செய்தார்? வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடு என்றார். தொட்டால் சேர்த்துக்கொண்டார், தொடாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த மனிதருக்கு இருந்த நிதானம் இன்றைக்கு நமக்கு இல்லை. இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்தக் காது எட்டாது. மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி முடிய பத்து வயதுக்கு மேல் ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, கோட்டைத் தாண்டாமல் எழுது என்கிறோம். "ஐந்தில் வளையாதது" என்று ஆரம்பிக்காதீர்கள். பழமொழியே ஐந்து என்றுதான் சொல்கிறது, இரண்டு என்று சொல்லவில்லை.

நான் குமாஸ்தா. ஆதாரம் இல்லாமல் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. 1993-இல் யஷ்பால் குழு அறிக்கை, சின்னக் குழந்தைகள் மீது எழுத்தையும் எண்ணையும் திணிப்பதை வன்முறை என்றே எழுதியது. நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் இன்டர்வியூவும் கூடாது என்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாத சங்கதிகள் உண்டு, ஆனால் மூன்றிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டு வழியில்தான் கற்பிக்கவேண்டும் என்று அது சொல்வது சரி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இன்னும் நேராக இருக்கிறது. ஒன்று முதல் நாலு வயது வரை உள்ள குழந்தை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டாற்போல் உட்கார வைக்கக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், அதற்கு மேல் போனாலும் நாளுக்கு ஒரு மணிக்குள். மணலில் விளையாடினால் நேரம் வீண் என்கிற அதே வீட்டில், சாதம் ஊட்ட முக்கால் மணி நேரம் செல்போன் ஓடுகிறது. இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

"ஆனால் சார், பள்ளியில் கேட்கிறார்களே?" இது நியாயமான கேள்வி. சம்பளத்துக்கு ஓடுகிற அம்மா அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. அவர்களை நான் திட்டவில்லை. எழுத்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுத்தால் வயிறு கழுவியவன் நான். அதற்கு வயது வரட்டும் என்கிறேன். இன்னொன்றும் சொல்வேன். சீக்கிரம் எழுதுவது வேறு, தெரிந்துகொள்வது வேறு. ஐந்து வயதில் என்னைப் பிரெஞ்சு மீடியத்தில் போட்டார்கள். வீட்டில் ஒரு வார்த்தை பிரெஞ்சு கிடையாது. மைக்கூட்டில் கட்டைப் பேனாவைத் தொட்டுத் தொட்டு, சாய்ந்த எழுத்தில் "இல் நேழ்" என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பனி பெய்கிறது என்று பொருள். வெளியே கத்திரி வெயில். என் கையெழுத்து வகுப்பிலேயே முதல் என்று பாராட்டு. எதை எழுதினேன் என்று மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நல்ல குமாஸ்தா ஆனேன், அதில் சந்தேகமில்லை.

இப்போது நம் தலைமுறைக்கு வருகிறேன். கோபம் நம் மேல்தான். எங்கள் வாசலுக்கு வந்து சிலபஸ் கேட்பவர்களில் பாதிப்பேர் தாத்தா பாட்டிகள். சாயங்காலம் குழந்தை வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னிக்கு என்ன படிச்சே, சொல்லு" என்று வந்தவர்கள் முன்னால் நிற்க வைப்பது நாம். அது சொல்லாமல் விழித்தால் முகம் சுருங்குவதும் நமக்குத்தான்.

நானும் யோக்கியன் இல்லை. என் மகனுக்கு மூன்று வயதில் சிலேட்டு வாங்கினேன். ஆபீஸ் விட்டு வந்ததும், "எழுதினியா?" என்பதுதான் முதல் வார்த்தை. டே கேர் தொடங்கிய புதிதில் ஒருநாள், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் என் மனைவி சொன்னாள். "உங்க சைக்கிள் மணி கேட்டாலே நம்ம புள்ளை கட்டிலுக்கு அடியில போயிடுவான், தெரியுமா?" எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குத் தெரியாது. அவன் எழுதக் கற்றுக்கொண்டான். சிலேட்டு இல்லாவிட்டாலும் கற்றிருப்பான். அந்தச் சாயங்காலங்கள்தான் எனக்குத் திரும்பி வரவில்லை.

ஆகவே நண்பரே, உங்கள் பேரனை எங்கள் வீட்டுக்கே அனுப்பவேண்டும் என்று கேட்கவில்லை. எங்கே அனுப்பினாலும் சரி. அங்கே மணல் இருக்கிறதா, பார்த்துக்கொள்ள எத்தனை பேர், பகலில் தூங்க விடுவார்களா, அழுதால் யார் தூக்குவார்கள் என்று கேளுங்கள். சுவரில் எத்தனை சார்ட் என்று எண்ணாதீர்கள். சாயங்காலம் வந்ததும், "யாரோட விளையாடினே?" என்று கேளுங்கள். எத்தனை கதை வருகிறது என்று பாருங்கள்.

சார்ட் வாங்கப் போவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். மாதம் ஒரு குழந்தை குறைந்தாலும் பரவாயில்லை, பென்ஷன் வருகிறது. அவள், "சரி, அவன் தாத்தாவைத் திட்டி எழுதாதீங்க" என்றாள். திட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நேரம் இருந்தால் வாருங்கள் சார். காபி உண்டு. ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு சண்டை போடலாம். பேரனையும் கூட்டி வந்தால் சந்தோஷம். வாசலில் செருப்பெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது.