பத்துமலைப் படி 272, யாரும் தனியா ஏறுறதில்ல

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளி பூசை முடிஞ்சி அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். நம்மகூட தொண்டு செய்யிற படிவம் நான்கு பையன், "அங்கிள், பிசிக்ஸ விட்டுடப் போறேன்"னு சொன்னான். கஷ்டமாடான்னு கேட்டேன். "கூட்டாளிங்க எல்லாம் வேற வகுப்பு அங்கிள். கை தூக்கிக் கேட்டா சிரிப்பாங்க. லேப்ல குழுவா செஞ்சாலும் ரெண்டு பேர்தான் சாமான தொடுவாங்க, நான் பார்த்து எழுதுவேன்"னான்.

பிள்ளைக்கு ஆர்வம் இல்லன்னு நாம சுலபமா சொல்லிடுறோம். தமிழ்ப்பள்ளியில 'உராய்வு'ன்னு படிச்ச பிள்ளை, இடைநிலைப்பள்ளியில 'கெசெரான்'னு கேட்டதும் முழிக்குது. ரெண்டும் ஒன்னுதான்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னா போதும். சொல்ல ஆள் இல்லன்னா, தனக்கு மூளை இல்லன்னு அதுவே முடிவு பண்ணிக்குது.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். புது ஆளைப் பழைய ஆள்கூட சேர்த்து விட்டா சீக்கிரம் மெஷின் பழகிக்குவான். தனியா விட்டா, கேக்க வெட்கப்பட்டு மாசக் கடைசியில வேலைய விட்டுட்டுப் போயிடுவான். இது தெரிஞ்ச நானே, என் மக கெமிஸ்ட்ரி புரியலன்னு அழுதப்போ, "முடியலன்னா விட்டுடும்மா"ன்னு சொன்னேன். அவளும் விட்டுட்டா. இன்னைக்கும் அது மனசுல உறுத்துது.

தைப்பூசத்துல காவடி எடுக்கிறவர் கூட எத்தனை பேர் போறாங்க! ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் நாற்காலி, மத்தவங்க "வேல் வேல்". பாரத்த அவர்தான் சுமக்கிறார். ஆனா கூட ஆள் இருக்கிற தைரியத்துலதான் அந்தப் படியெல்லாம் ஏறுறார். படிக்கிற பிள்ளைக்கும் அந்தத் துணை வேணும்.

ஞாயிறு தேவார வகுப்புக்கு அப்புறம் நம்ம மண்டபம் சும்மாதான் இருக்கு. ரெண்டு மணி நேரம் கொடுங்கன்னு நிர்வாகத்தைக் கேட்டுக்கிறேன். இது டியூஷன் இல்ல. படிவம் ஐந்து பிள்ளை படிவம் ஒன்றுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், சொல்றவனுக்கும் பாடம் மனசுல நிக்கும். நம்மள்ல நர்ஸ், டெக்னீஷியன், எஞ்சினியர் இருக்கீங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்து கூட உக்காருங்க.

ஆசிரியர்களா இருக்கிற அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பரிசோதனையில, எப்பவும் எழுதிக்கிட்டே இருக்கிற பிள்ளை கையில அந்தக் கருவியைக் கொடுங்க.

பையன் இன்னும் பாடத்த மாத்தல. "ஒரு மாசம் பொறுடா"ன்னு சொல்லி வச்சிருக்கேன். யார் யார் வர்றீங்க, கீழே பேர் போடுங்க.