கைதுக் கணக்கும் குற்றக் கணக்கும்

2019 ஏப்ரல் 21 ஆம் நாள் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் இருநூற்றறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. அடுத்த சில வாரங்களுக்குள் பொலிஸார் ஒரு கணக்கினை வெளியிட்டனர். கைதானோர் 2,289 பேர். அவருள் முஸ்லிம்கள் 1,820, சிங்களவர் 330, தமிழர் 139. அஃதாவது, நூற்றுக்கு எண்பது பேர் முஸ்லிம்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களுள் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேரும் இலர்.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து இருசாரார் இருவகை முடிவுக்கு வந்தனர். அந்த இனமே வன்முறை இனம், கணக்கைப் பாருங்கள் என்றனர் பேரினவாதிகள். பொலிஸார் பக்கஞ்சார்ந்தவர், இதனினும் சான்று வேண்டுமோ என்றனர் நம்மவர். முன்னவர் சொன்னது நச்சுப் பொய். பின்னவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அவர் காட்டிய சான்று அவ்வுண்மையைத் தாங்கும் வலியுடையதன்று. இரண்டையும் ஆராய்தல் நம் கடன்.

பொலிஸ் பதிவேட்டில் உள்ளது மக்கள் செய்த குற்றத்தின் கணக்கன்று. பொலிஸார் செய்த வேலையின் கணக்கு. இறக்காமக் குளத்தின் ஒரு மூலையில் மட்டும் வலைவீசியவன், பிடிபட்ட மீனை எண்ணிவிட்டு மறுகரையில் மீனே இல்லையென்று சாதித்தால் அவனை யார் நம்புவர்? சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் தெருக்களில் வீடுவீடாகத் தேடுதல் நடத்தினால் அகப்படுவோர் முஸ்லிம்களாகவே இருப்பர். வலை எங்கே வீசப்பட்டது என்பதை மறைத்துவிட்டு மீனை மட்டும் எண்ணுவதே பேரினவாதிகளின் கணிதம். 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் மறைந்திருந்த கும்பலைப் பற்றி ஐயுற்றுப் பொலிஸாருக்கு அறிவித்தவர் யார்? அவ்வூர் முஸ்லிம் மக்களே. அச்செயலைப் பதிவதற்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் இல்லை.

இனி நம்மவர் வாதம். எண்பதையும் பத்தையும் காட்டி மேடையில் முழங்குவது எளிது. ஆனால் எதிரி ஒரே வாக்கியத்தில் அதனை முறித்துவிடுவான்: தாக்கியவர்கள் முஸ்லிம்கள், ஆகவே விசாரணையும் அப்பக்கம் சென்றது என்பான். அதற்கு விடை சொல்ல வேண்டுமாயின் நாம் வேறொரு கேள்வியை எழுப்புதல் வேண்டும். பிடிக்கப்பட்டோருள் எத்தனை பேரைப் பிடிக்கத் தக்க காரணம் இருந்தது?

அதே கணக்கின்படி 1,655 பேர் பிணையில் விடப்பட்டிருந்தனர். பிணை என்பது விடுதலையன்று என்பதை ஒப்புகிறோம். ஆயினும் படுகொலையில் பங்குகொண்டார் என்று மெய்யாகவே ஐயுறப்பட்ட மனிதரைச் சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்புவாரா? அக்காலத்து ஐயங்கள் எத்தன்மையன என்பதற்கு ஹசலக்கவில் நடந்தது சான்று. கப்பற் சுக்கான் பொறித்த உடையணிந்த ஒரு பெண்ணை, அது தர்மச்சக்கரம் என்று கருதி, இரு வாரங்களுக்கு மேல் அடைத்துவைத்தனர். மறுவருடம் மே மாதம் இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், தம் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியின் பொருட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் நிரபராதி என்ற தீர்ப்பு. கைதான அன்று அவர் ஓர் எண்ணாகக் கூட்டப்பட்டார். விடுதலையான அன்று அவ்வெண்ணை யார் கழித்தார்?

கைதின் முடிவை வைத்துக் கைதினை அளக்கும் இம்முறை புதிதன்று. நியூயோர்க் நகரப் பொலிஸார் 2004 முதல் 2012 வரை தெருவில் மறித்துச் சோதித்த 44 இலட்சம் நிகழ்ச்சிகளை 2013 இல் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் ஆராய்ந்தார். மறிக்கப்பட்டோரில் 52 வீதத்தினர் கறுப்பு மக்கள். நகர மக்கட்டொகையில் அவர்கள் 23 வீதமே. குற்றம் மிகுதி, ஆதலால் மறித்தோம் என்றது பொலிஸ். ஆனால் ஆயுதம் அகப்பட்டதோ கறுப்பரிடம் நூற்றுக்கு 1.0, வெள்ளையரிடம் நூற்றுக்கு 1.4. பலம் பிரயோகித்ததாகப் பொலிஸாரே பதிந்தது கறுப்பரிடம் 23 வீதம், வெள்ளையரிடம் 17 வீதம். குறைந்த ஐயத்துக்குக் கறுப்பனை மறித்தனர். மறித்தபின் கூடுதலாகக் கையும் நீட்டினர். மக்கட்டொகை வீதத்தை நம்பாமலே இம்முடிவுக்கு வரலாம் என்பதைக் கவனிக்க.

அந்நாட்டிலேயே எதிர்வாதமும் எழுந்தது. ஹாவார்ட் பொருளியலறிஞர் ரோலண்ட் பிரையர் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஹூஸ்டன் நகரத் துப்பாக்கிச் சூடுகளில் இன வேறுபாடு தென்படவில்லை என்றார். கையால் தள்ளுதல், விலங்கிடுதல் போன்ற சிறு பலப்பிரயோகங்களில் வேறுபாடு பெரிது என்று அதே ஆய்வு கூறியதை ஆளும் வர்க்கத்தின் எழுத்தாளர் பலர் வசதியாக மறந்தனர். 2020 இல் நொக்ஸ், லோவ், முமோலோ என்னும் மூவர் இவ்வகைக் கணக்குகளின் ஓட்டையைச் சுட்டினர். கற்பனையாக ஓர் உதாரணம் கொள்வோம். ஓரூரில் காரணமின்றியே நூறு பேரை மறித்துப் பத்துப் பேரை அடிக்கின்றனர். மற்றோரூரில் காரணத்தோடு பத்துப் பேரை மறித்து ஒருவரை அடிக்கின்றனர். இரண்டும் நூற்றுக்குப் பத்து. ஆகவே பாரபட்சம் இல்லை! மறித்ததே அநீதி என்பது இவ்வீதத்துக்குள் அடங்காமல் வெளியே நிற்கிறது.

மேலும், செய்த பலாத்காரம் ஓரளவாவது பதிவாகும்; செய்யத் தவறிய பாதுகாப்பு பதிவாவதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரிலும் மார்ச்சில் திகனையிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டபோது பொலிஸார் பார்த்து நின்றனர் என்று மக்கள் முறையிட்டனர். அந்தச் சும்மாவிருத்தல் எந்தப் பட்டியலில் ஏறியது?

இன்னொன்றும் முற்போக்காளர் மறத்தலாகாது. இனம் என்ற ஒரே நிரலைக் கொண்டு இந்நாட்டுப் பொலிஸை விளங்கிவிட முடியாது. 1971 இலும் 1987 முதல் 1989 வரையிலும் அழிக்கப்பட்ட ஆயிரமாயிரம் இளைஞர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து ஏழைப் பிள்ளைகளே. 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்தோர்மீது சுட்டபோது மாண்டவரும் சிங்களவரே. இனத்துக்கு அருகே தொழிலையும் வருவாயையும் எழுதிப் பாருங்கள். முஸ்லிம் வியாபாரியின் வேலையாளும் சிங்களக் கூலித்தொழிலாளியும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்பீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அவ்வரிசையில் காணாதிருக்கவே இனக்கணக்கு மட்டும் பறையறைந்து வெளியிடப்படுகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: மறிக்கப்பட்டோர், கைதானோர், பலம் பிரயோகிக்கப்பட்டோர், பிணை பெற்றோர், குற்றஞ்சாட்டப்பட்டோர், தண்டனை பெற்றோர், விடுதலையானோர் என ஒவ்வொரு படியிலும் இனம், தொழில், பிரதேசம் வாரியாக முழுக்கணக்கும் ஆண்டுதோறும் வெளியாதல் வேண்டும். முதற்படியை அறிவித்து இறுதிப்படியை அறிவியாத கணக்கு அரைக் கணக்கு. அரைக் கணக்கால் ஓர் இனம் முழுவதும் தண்டிக்கப்படுகிறது.

நூற்றுவீதம் கற்பிக்கும் ஆசிரியர் வட்டிக் கணக்கோடு நின்றுவிடுதல் போதாது. 1,820 ஐ 2,289 ஆல் வகுக்க எந்த மாணவனும் அறிவான். எதற்காக வகுக்கிறோம், யார் எண்ணினார், எவர் எண்ணப்படவில்லை என்று கேட்கவும் அவனைப் பழக்குவோம்.