உழைத்த உடம்புக்கு ஒன்றும் ஆகாதாம்

"சாக்கடை வாருன ஒடம்புடா இது. இந்தச் சளியும் காய்ச்சலும் என்னை என்னடா பண்ணிடும்?"

என் அம்மா சொன்னது இது. நகராட்சி ஒப்பந்தக்காரரிடம் குப்பை வாரும் வேலை. வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரை வியாதி வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதத்தில் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி போன் போட்டார். "நாளைக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்." வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மா வேலைக்குப் போனது. ஏழாம் நாள் மூச்சு இழுத்தது. ஃப்ளூ முற்றி நிமோனியா. பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. ஆனால் அது பழைய அம்மா இல்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறது.

அந்தப் பதினோரு நாளும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து நான் யோசித்தது அந்த ஒரு பேச்சைத்தான். உழைச்ச ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது. இதை அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஊர் சொல்லிக் கொடுத்தது. "அவங்களுக்கு என்னப்பா, வெயிலு மழை எல்லாம் தாங்கும்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னது. 2020இல் கொரோனா வந்தபோது துப்புரவுப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். அதே வாயால் "குப்பையில புழங்குறவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி" என்றும் சொன்னார்கள். கேட்பதற்குப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். அதன் அர்த்தம் என்ன? இவர்களுக்குக் கையுறை வேண்டாம், லீவு வேண்டாம், ஊசி வேண்டாம். செலவு மிச்சம். ஊர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாமும் அதை நம்பி, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இந்தப் பெருமை பொய் என்பதற்குக் கணக்கு இருக்கிறது தோழர்களே. 1918இல் உலகம் முழுக்க ஒரு ஃப்ளூ வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடிப் பேர் வரை செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பம்பாய் நகரச் சுகாதார அதிகாரிகள் செத்தவர்களைச் சமூகவாரியாகக் கணக்கெடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 சாவு. பார்சிகளில் 9. சாதி இந்துக்களில் 18.9. 'கீழ்ச்சாதி' என்று அவர்கள் எழுதிவைத்த நம் மக்களில் 61.6. சாதி இந்துவுக்கு ஒரு சாவு என்றால் நமக்கு மூன்றுக்கும் மேல்.

கிருமி சாதி பார்க்காது என்கிறார்கள். வாஸ்தவம், பார்க்காது. ஆனால் வீடு சாதி பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. வேலை சாதி பார்த்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1918இல் மழையும் பொய்த்தது. அரைவயிற்றுக் கஞ்சி, ஒரே அறையில் பத்துப் பேர், காய்ச்சலோடு வேலை. கிருமி இந்த வழியாகத்தான் நுழைந்தது. அந்த வருஷம் நவம்பரில்தான் அதே பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் அண்ணல் அம்பேத்கர் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ஊரே காய்ச்சலில் விழுந்து எழுந்த சமயத்திலும் அவர்கள் பயந்த தொற்று வேறாக இருந்தது.

2009இல் புது ஃப்ளூ வந்தபோது அதற்குப் 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். அது மனிதரிடமிருந்து மனிதருக்கு இருமல் வழியாகப் பரவியது. பன்றிக்கறி தின்றால் வராது. ஆனால் எங்கள் பக்கத்தில் பன்றி வளர்த்தவர்களைத்தான் எல்லாரும் முறைத்தார்கள். விமானத்தில் வந்த நோய்க்குச் சேரி பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இனி ஊசிக்கு வருகிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பேசினேன். ஒரு மாணவத் தோழர் சூடாகிவிட்டார். "இதெல்லாம் கம்பெனிக்காரன் யாவாரம் தோழர். வருஷா வருஷம் ஊசி போடணும்னா அது மருந்தா, வட்டியா?" நல்ல கேள்வி. பாதி உண்மை. கம்பெனிக்காரன் லாபத்துக்குத்தான் விற்கிறான். ஆனால் அரிசிக் கடைக்காரனும் லாபத்துக்குத்தான் விற்கிறான். அதனால் அரிசி பசியாற்றாது என்று சொல்வோமா? ரேஷனில் போடு என்று கேட்டோம். அந்த நியாயம்தான் ஊசிக்கும்.

வருஷா வருஷம் ஏன் என்றால், இந்தக் கிருமி வருஷா வருஷம் சட்டை மாற்றுகிறது. எந்தச் சட்டையோடு வரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், கூடிப் பேசி ஊசியின் கூட்டை மாற்றச் சொல்கிறது. கணிப்பு ஒத்துப்போகிற வருஷத்தில் மருத்துவரிடம் ஓடவைக்கிற ஃப்ளூவை நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரை அது தடுக்கும். ஒத்துப்போகாத வருஷத்தில் அதற்கும் கீழே. முழுக் கவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். ஆனால் அது நிமோனியாவாகி ஆளைச் சாய்ப்பது குறைகிறது. என் அம்மா மாதிரி சர்க்கரை உள்ளவர்களுக்கு வேண்டியது அதுதானே.

"ஊசி போட்டா அதுவே காய்ச்சலக் கொண்டாந்துடும்" என்ற பயமும் உண்டு. கையில் போடுகிற ஃப்ளூ ஊசியில் இருப்பது செத்த கிருமியின் துண்டுகள். அது நோயைத் தராது. ஒரு நாள் கைவலி, உடம்பு கணகணப்பு இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஒரு வேடிக்கை பாருங்கள். காய்ச்சல் வந்தபின் டாக்டர் ஊசி போடாவிட்டால் "இவர் என்ன டாக்டரு" என்று கோபிக்கிற நாம்தான், வருமுன் போடுகிற ஊசியைக் கண்டால் ஓடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடுப்பூசி என்பது நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பூசி 1802 ஜூன் 14இல் பம்பாயில் போடப்பட்டது. போட்டுக்கொண்டது ஒரு வேலைக்காரியின் மூன்று வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்துத்தான் அடுத்தவர்களுக்குப் போட்டார்கள். பிறகு பல காலம் கைக்குக் கை என்றுதான் அது பரவியது. ஏழைகளின், நம் குழந்தைகளின் கைகளில்தான் அந்த மருந்து உயிரோடு இருந்தது. அந்தக் கையிலிருந்து எடுத்ததை எங்கள் உடம்பில் ஏற்றுவதா என்று உயர்சாதிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மருந்தைச் சுமந்த கை நம் கை. இன்று அதே மருந்துக்குக் காசில்லாமல் வெளியே நிற்கிறதும் நம் கைதான்.

காசு என்றேன். இந்த வருஷம் மழைக்கு முன்னால் அம்மாவைத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். 1,700 ரூபாய் கேட்டார்கள். "நாலு நாள் கூலியாடா ஒரு ஊசி? வேணாம் வா, வீட்டுக்குப் போலாம்" என்று அம்மா எழுந்துவிட்டது. கடன் வாங்கிய காசு என்று நான் சொல்லவில்லை. உட்கார வைத்துப் போட்டுவிட்டேன். அம்மாவுக்குப் போட்டாயிற்று. அம்மாவோடு வண்டி தள்ளிய மற்றப் பெண்களுக்கு? கைக்குழந்தைக்காரிகளுக்கு? 1985 முதல் நடக்கிற நாடு தழுவிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ இல்லை. சில மாநிலங்கள் சில பிரிவினருக்கு மட்டும் போட்டதுண்டு. கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறு குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு முதலில் போடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊரார் துப்பியதை, மூக்குச் சிந்திய காகிதத்தை வெறுங்கையால் வாருகிறவர்களை அந்த வரிசையில் யார் சேர்ப்பது? நாம்தான் கேட்க வேண்டும்.

அரசால் முடியாதா? குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2008இல் இந்த இரண்டின் உரிமத்தையும், இமாச்சலத்துக் கசௌலி நிறுவனத்தின் உரிமத்தையும் சேர்த்து நிறுத்திவைத்தார்கள். 2010இல்தான் திருப்பித் தந்தார்கள். செங்கல்பட்டில் பல நூறு கோடியில் எழுப்பிய தடுப்பூசி வளாகம் கொரோனா காலத்திலும் சும்மா கிடந்தது. அரசுக் கூடத்தைப் பூட்டினால் கம்பெனி வைத்ததுதான் விலை.

சரி, ஊசி மட்டும் போதுமா? போதாது. மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் ஆலோசனை எழுதுவார்கள். கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தனி அறையில் ஓய்வெடுங்கள். சரியான ஆலோசனைதான். யாருக்கு எழுதியது? எங்கள் வீட்டில் அறையே ஒன்றுதான். தண்ணீருக்காக 1927இல் மகாத் குளத்துக்கு நடந்தோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். கை கழுவச் சொல்கிறவர்கள் தண்ணீரைப் பற்றியும் பேசட்டும்.

அதற்காக நம் கையில் இருப்பதைச் செய்யாமல் இருக்க வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்பே ஊசி போட்டுக்கொள்கிறேன், அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். மழையில் நனைந்தால் ஃப்ளூ வருவதில்லை. மழைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் அடைந்து இருமுவதால் வருகிறது. ஆகவே சன்னலைத் திறந்து வைக்கிறோம். இருமினால் துண்டால் வாயை மூடுகிறோம். காய்ச்சல்காரருக்கு வாசல் பக்கம் பாய், தனி டம்ளர். நண்டு ரசமோ மாட்டெலும்புச் சூப்போ வைத்துக் கொடுக்கிறோம். தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தெம்பு. நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது ஊசிக்கு மாற்று இல்லை. ஆன்டிபயாடிக்கை நாமாகக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. ஃப்ளூ கிருமியை அது கொல்லாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு குழறினால், குழந்தை பால் குடிக்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை உண்டு. காய்ச்சல் கண்ட இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். சர்க்கரைக்காரர்களும் கர்ப்பிணிகளும் முதல் நாளே டாக்டரிடம் அதைக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு இதை நான் ஏழாம் நாள்தான் தெரிந்துகொண்டேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஊசியே ஏமாற்று என்று சுவரொட்டி அடிப்பது சுலபம். அது சர்க்காருக்குத்தான் வசதி; கேட்காதவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. மாறாக இப்படிக் கேளுங்கள். நிரந்தரமோ ஒப்பந்தமோ, எல்லாத் துப்புரவுப் பணியாளருக்கும் குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் மழைக்கு முன் இலவச ஃப்ளூ ஊசி. காய்ச்சல் நாளுக்குக் கூலியோடு லீவு. கையுறை, முகக்கவசம், மழைக்கோட்டு. இவற்றைத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே எழுதியாயிற்று. எத்தனை பேர் கைக்கு வந்தது என்று உங்கள் ஊரில் காலை ஐந்து மணிக்கு எழுந்துபோய் எண்ணிப் பாருங்கள்.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது அம்மா கேட்டது. "ஏண்டா, இது செல்விக்கும் போடணுமில்ல? அவளுக்கும் சக்கரை இருக்குதே." செல்வி அம்மாவோடு வண்டி தள்ளியவர். இன்றும் தள்ளிக்கொண்டிருக்கிறார்.