கத்திக்குப் பின் எத்தனை பத்தியம்?



உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் அறுவை மருத்துவம் செய்துகொள்வது நம் பங்குகளில் இன்று அரிய செய்தியன்று. நகையை அடகு வைத்தும், சேமநல நிதியிலிருந்து பணம் எடுத்தும் இம்மருத்துவத்தைச் செய்துகொண்ட குடும்பங்களை நாம் அறிவோம். நீரிழிவும் மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் தணிந்து, பல்லாண்டுகளுக்குப் பின் கோவில் படிகளில் தாமே ஏறி வருவோரைக் கண்டு மகிழ்ந்தும் இருக்கிறோம்.

ஆனால் ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின், அவர்களுள் சிலர் முகவாட்டத்தோடு நம்மிடம் வருகின்றனர். "சாமி, முப்பது கிலோ குறைந்தது. அதற்கப்பால் ஒரு கிலோகூட இறங்க மறுக்கிறது. இப்போது மூன்று கிலோ ஏறியும் விட்டது. பேலியோ உணவு முறையைத் தொடங்கட்டுமா? ஐந்து நாள் நீர் உணவு மட்டும் அருந்தினால் இரைப்பை மீண்டும் சுருங்கிவிடுமாமே?" என்று வினவுகின்றனர். நாம் மருத்துவரல்லர். எனினும் மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றை இத்திங்கள் உங்கள் முன் வைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

முதலில், இவ்வறுவை மருத்துவம் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம். இரு முறைகள் மிகுதியாக வழக்கில் உள்ளன. ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ முக்காற்பங்கை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒடுங்கிய குழல்போல் ஆக்கிவிடுகின்றனர். மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லி லிட்டர் அளவே கொள்ளும் சிறு பையை அமைத்து, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைத்து, உணவை மாற்றுவழியில் செலுத்துகின்றனர். இந்த மாற்றுவழி முறையை 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் தொடங்கி வைத்தார். இரு முறைகளாலும் உண்ணும் அளவு குறைகிறது. பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுகின்றன. ஆகவே முதல் ஆண்டில் எடை விரைந்து இறங்குகிறது.

பின்னர் ஏன் நின்றுவிடுகிறது? இங்கேதான் பலர் தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கின்றனர். உண்மை வேறு. சுவீடன் நாட்டில் 1987 ஆம் ஆண்டு முதல், அறுவை செய்துகொண்ட 2,010 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவுகளின்படி, மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தம் எடையில் 32 விழுக்காட்டை இழந்தனர். பத்தாம் ஆண்டிலோ அவ்விழப்பு 25 விழுக்காடாக நின்றது. 120 கிலோ எடையுள்ள ஒருவரை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அவர் 82 கிலோ வரை இறங்கி, பின்பு சிறிது சிறிதாக ஏறி, 90 கிலோவில் நிலைபெறுகிறார். ஏறிய அந்த எட்டுக் கிலோ அவருடைய ஒழுக்கக் கேட்டின் அடையாளமன்று. பெரும்பாலோர்க்கு நேரும் இயல்பான போக்கே அது. அவ்வாறு சிறிது ஏறிய நிலையிலும், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு விகிதம் மற்றவரைக் காட்டிலும் குறைந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

உடலுக்குத் தன் இருப்பைக் காக்கும் இயல்பு உண்டு. உண்பது குறைந்தால், செலவிடுவதையும் அது குறைத்துக்கொள்ளும். வருமானம் சுருங்கிய வீட்டில் சிக்கனமான தாய் செலவைச் சுருக்குவது போல எனலாம். இதனை 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் நேரிற் சோதித்தார். மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரினால் பசித்திருப்போர்க்கு உதவும் எண்ணத்தோடு தாமாகவே அச்சோதனைக்கு உட்பட்டனர். 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்து, உடல் எடையில் ஏறத்தாழ காற்பங்கை இழந்தனர். ஓய்வு நிலையில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றலோ ஐந்தில் இரு பங்கு அளவுக்குக் குறைந்துபோயிற்று. பகலும் இரவும் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களை ஆவலோடு படித்தனர். மீண்டும் உணவு கிடைத்தபோது உடற்கொழுப்பு முன்னிருந்த அளவையும் தாண்டி ஏறிற்று. மன உறுதியில் யாருக்கும் குறையாத இளைஞர்களுக்கே இந்நிலை என்றால், பட்டினியால் உடலை வென்றுவிடலாம் என்று எண்ணுவது எங்ஙனம் பொருந்தும்?

இனி, அந்தப் புதுப் பத்தியங்களைப் பார்ப்போம். பத்தியம் என்பது நம்மவர்க்குப் புதிய சொல்லன்று. நோயையும் மருந்தையும் உடல் வாகையும் அறிந்து, இன்னாருக்கு இன்னது என மருத்துவர் வகுப்பதே பத்தியம். இன்று கைபேசியில் வந்து குவிபவையோ, ஆளையும் நோயையும் அறியாமல் ஊருக்கெல்லாம் ஒன்றாக விதிக்கப்படுபவை. முழு இரைப்பை உள்ளவரே அவற்றால் இடர்ப்படுவர் என்றால், குடலின் வழியே மாற்றப்பட்டவர் நிலை என்ன?

ஐந்து நாள் நீர் உணவினால் இரைப்பை சுருங்கும் என்பதற்குச் சான்று இல்லை. அந்நாள்களில் இறங்கும் எடையில் பெரும்பகுதி உடலில் தேங்கிய நீரே. பத்தியம் முடிந்து வழக்கமான உணவு தொடங்கியதும் அது திரும்பி வந்துவிடும். நாள்தோறும் பதினாறு மணி, இருபது மணி நேரம் உண்ணாதிருக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்துகொண்டவர்க்கு நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. ஒரு வேளைக்குச் சிறு கிண்ண அளவே உண்ணக்கூடிய ஒருவர், நான்கு மணி நேரத்திற்குள் அத்தனையையும் எப்படி உண்ண முடியும்? புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், தலைமுடி உதிரும், நடக்கவும் தளர்ச்சி தோன்றும். பேலியோ, கீட்டோ முதலிய கொழுப்பு மிகுந்த உணவுகளோ, சிறுத்த இரைப்பையில் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கலாம். எடை மிக விரைந்து இறங்கும்போது பித்தப்பையில் கற்கள் உருவாவதும் மருத்துவர் நன்கறிந்த ஒன்று.

"பச்சிலைச் சாறு குடித்தால் உடற்கழிவு நீங்கும், அதில் என்ன தீங்கு?" என்பாரும் உளர். 2018 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில், அறுபதைக் கடந்த பெண்மணி ஒருவரின் நிலை விவரிக்கப்பட்டது. முன்னர் மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர் அவர். நன்றாக இயங்கி வந்த அவருடைய சிறுநீரகங்கள், கீரைச் சாற்றுப் பத்தியத்தின்பின் முற்றிலும் செயலிழந்தன. பசலை முதலிய கீரைகளில் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுதி. இயல்பான குடலில் அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெளியேறிவிடும். மாற்றுவழி அறுவைக்குப் பின் செரியாத கொழுப்பு அச்சுண்ணாம்பைப் பற்றிக்கொள்வதால், ஆக்சலேட் குருதியிற் கலந்து சிறுநீரகத்தில் படியும். அப்பெண்மணி நெடுநாள் உட்கொண்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஒரு துணைக் காரணமாயிற்று. கறிக்கூட்டில் அளவாக உண்ணும் கீரை வேறு; கட்டுக் கட்டாகப் பிழிந்து நாள்தோறும் குடிக்கும் சாறு வேறு.

இத்தகைய மோகங்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நீர்மப் புரதப் பத்தியம் ஒன்று பெரும் புகழ் பெற்றது. விலங்குகளின் தோலிலிருந்தும் தசைநாரிலிருந்தும் எடுத்த தரங்குறைந்த புரதமே அது. அதனை மட்டும் அருந்தி வந்தோருள் ஏறத்தாழ 60 பேர் மாண்டதாக அந்நாட்டு அரசுக்கு அறிக்கைகள் வந்தன. எடை இறங்கியதென்னவோ உண்மை. ஆனால் இதயத் துடிப்பு தடுமாறிற்று.

நாம் அறிந்த தாய் ஒருவர் ஆசிரியப் பணியில் இருப்பவர். அறுவைக்குப் பின் 112 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு இறங்கினார். உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஒருவர், "இத்தனை இலட்சம் செலவழித்தும் இன்னும் இளைக்கவில்லையே, அக்கா!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அன்றிரவே ஒரு பத்தியம் தொடங்கிற்று. அது முடியுமுன் மற்றொன்று. "இயற்கை உணவு உண்பவர்க்கு மாத்திரை எதற்கு?" என்று யாரோ சொல்ல, மருத்துவர் கொடுத்த வைட்டமின் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரத்தில் ஓயாத வாந்தி; கால்களில் மதமதப்பு; நடையில் தள்ளாட்டம்; பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. வைட்டமின் பி-1 குறைவு என்றறிந்து ஊசி வழியே செலுத்தினர். இச்சத்தை நம் உடல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. அது தீர்ந்தால் மூளையும் நரம்பும் தாக்குண்ணும். நல்ல வேளையாக அவர் தேறினார்.

"வாந்தி தொடங்கிய அன்றே ஏன் வரவில்லை, அம்மா?" என்று மருத்துவர் கேட்டபோது அவர் சொன்ன விடையை நாம் மறக்கவியலாது. "மறுபடியும் பருத்துவிட்டேன் என்று உங்கள்முன் வந்து நிற்க வெட்கமாயிருந்தது, டாக்டர்!"

அன்பர்களே, அவரை ஆபத்தில் தள்ளியது கொழுப்பு அன்று, வெட்கமே. அவ்வெட்கத்தை அவருக்கு ஊட்டியவர்கள் யார்? விருந்திலும் வாசலிலும் பிறர் உடலை அளந்து பேசும் நம்முடைய நாவுகள் அல்லவா? நோயாளி தம் மருத்துவரிடம் செல்ல நாணினால், அவர் செல்லும் வேறிடம் கைபேசிப் பத்தியமாகவே இருக்கும்.

தவக்காலத்தைச் சாக்கிட்டு இப்பத்தியங்களை மேற்கொள்வோர்க்கும் ஒரு சொல். ஒருசந்தியும் சுத்தபோசனமும் எடை குறைக்கும் உபாயங்கள் அல்ல. உடல்நலம் இடங்கொடாதவர்களை ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்துவதும் இல்லை. அறுவை செய்துகொண்டவர் தம் மருத்துவர் வகுத்த உணவை வேளை தவறாது உண்பதே பொருத்தம். ஒறுத்தலுக்குத் தர்மமும் செபமும் இருக்கவே இருக்கின்றன.

அப்படியாயின், எடை நின்றுவிட்டவர் என் செய்வது? முதலாவது, அறுவை செய்த மருத்துவரிடமும் அங்குள்ள உணவியல் வல்லுநரிடமும் மீண்டும் செல்க. தைராய்டுக் குறைபாடு உண்டா, வேறு நோய்க்கு உட்கொள்ளும் மருந்து எடையைக் கூட்டுகிறதா, இரைப்பையின் அமைப்பில் மாற்றம் உண்டா என்று அவர்கள் ஆராய்வர். பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு, டிர்செப்படைடு ஆகிய ஊசி மருந்துகள் எடைக்குறைப்புக்கென 2025 ஆம் ஆண்டில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. தேவையானவர்க்கு அவற்றை மருத்துவரே அளவறிந்து தருவார். தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளலாகாது.

இரண்டாவது, ஒரு வாரம் வாயிற் செல்வதனைத்தையும் ஒரு நோட்டில் எழுதுக. சோற்றைக் குறைத்தவர் பலர், கொறிப்பதைக் கணக்கில் வைப்பதில்லை. கெட்டியான உணவு சிறுத்த இரைப்பையில் தங்கிப் பசியை அடக்கும். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும், பாயசமும், ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நாளொன்றுக்கு ஆறு முறை, இரு கரண்டிச் சர்க்கரையிட்ட தேநீர் அருந்துபவர், கரண்டிக்கு 5 கிராம் எனக் கொண்டால் 60 கிராம் சர்க்கரை உட்கொள்கிறார். அதில் மட்டும் 240 கலோரி. எந்தக் கத்தியும் இதனைத் தடுக்காது.

மூன்றாவது, தட்டில் முட்டை, மீன், பருப்பு, பனீர் போன்ற புரத உணவை முதலில் உண்க, பின்னர் காய்கறி, இறுதியிற் சிறிது சோறு. மெல்ல மென்று உண்டு, உணவுக்குப்பின் அரைமணி நேரம் கழித்தே நீர் அருந்துக. வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுதும் தொடர வேண்டியவை. நாள்தோறும் நடப்பதோடு, தசையை உறுதியாக்கும் பயிற்சியும் வேண்டும். வாந்தி ஓயாதிருந்தாலோ, காலில் மதமதப்பு, பார்வைத் தடுமாற்றம் தோன்றினாலோ, அன்றே மருத்துவமனைக்கு விரைக.

குடும்பத்தாரே, எஞ்சியது உங்கள் பங்கு. கணவன்மார் வீட்டில் மிக்சர்ப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மனைவியிடம் கட்டுப்பாடு பேசற்க. மாமியார் மருமகளின் தட்டை எட்டிப் பார்த்துக் குறைகூறற்க. மாதந்தோறும் தராசில் நின்று கண் கலங்குபவரிடம், அவர் இறக்கி வைத்த முப்பது கிலோவை நினைவூட்டுங்கள். நிறுத்திவிட்ட நீரிழிவு மாத்திரையை எண்ணிக் காட்டுங்கள். மருத்துவரிடம் செல்லும் நாளில் உடன் செல்லுங்கள். வீட்டில் வெட்கப்பட வேண்டாத ஒருவர், மருத்துவர்முன் நிற்கவும் வெட்கப்படமாட்டார்.