கணிப்பொறி கண் திறவாவிடில்

நேற்றிரவு வரை ஒழுங்காக உழைத்த வீட்டுக் கணிப்பொறி, இன்று காலை விசையை அழுத்தியும் உயிர் பெறாமற் போவதுண்டு. "தொலைந்தது பணம்!" என்று அதைக் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன், அது காட்டும் குறியைக் கவனித்தல் நலம். குறிகள் மூன்று.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லையெனில், குற்றம் மின்சாரம் வரும் வழியிலே. அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைப் பொருத்திச் சோதியுங்கள். விளக்கு எரிந்தால் கணிப்பொறியின் கம்பியை மாற்றிப் பாருங்கள். அதிலும் பயனில்லையேல், 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக்கித் தரும் பெட்டி பழுதாகியிருக்கலாம். அதை மட்டும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் அபாயகரமான மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், முதலில் திரையின் கம்பியைச் சரிபாருங்கள். பின்பு மின் இணைப்பை நீக்கி, 'ராம்' என்னும் நினைவுப் பலகையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். பல வீடுகளில் இதுவே போதிய சிகிச்சை.

திரையில் எழுத்துக்கள் தோன்றியும் விண்டோஸ் வரவில்லையெனில், குற்றம் தகவல்கள் உறையும் வட்டிலோ, அதிலுள்ள ஏற்பாட்டிலோ இருக்கக்கூடும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்பார் பழுது பார்ப்பவர். குழந்தைகளின் படங்களுக்கும் குடும்பக் கணக்குகளுக்கும் பிரதி எடுக்குமுன் அதற்கு இணங்காதீர்கள். வட்டு 'டக், டக்' என ஒலித்தால், மீண்டும் மீண்டும் விசையை அழுத்துவதும் கூடாது.

முந்திய இரு குறிகளிலும் வட்டு பெரும்பாலும் க்ஷேமமாகவே இருக்கும், கவலை வேண்டாம். கணிப்பொறி நலமாயுள்ள நாளிலேயே வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைப்பவர்க்கு மூன்றாவது குறியும் அச்சம் தராது.